கொய்னா பட்டையும் சீமாட்டி கதையும்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் அழைத்தபோது, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா யாரும் எழுந்து காபி குடிக்கப் போயிடக் கூடாது" என்று ஒரு நிபந்தனை போட்டார். பம்பு, வால்வு, பைப்லைன் என்று என் பிழைப்பைப் பற்றிப் பேசினால் அரங்கம் காலியாகிவிடும். ஆகவே ஒரு மரப்பட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன். என்ஜினியருக்கும் மரப்பட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில்தான் ஆரம்பித்தது.

2020-ஆம் வருடம், ஊரடங்கு நேரம். ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற வாயில் நுழையாத மாத்திரையின் பெயர் டீக்கடை இல்லாத ஊரில்கூட அடிபட்டது. அப்போது குழுவில் ஒரு செய்தி வந்தது. எலுமிச்சைத் தோலையும் பம்பளிமாஸ் மாதிரியான ஒரு பழத்தின் தோலையும் மூடி போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் வீட்டிலேயே கொய்னா மருந்து தயார், அந்த மாத்திரையும் இதுவும் ஒன்றுதான் என்று. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அதை அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். படித்த பையன் அனுப்பியது ஆயிற்றே, அம்மா எலுமிச்சைத் தோலோடு நார்த்தங்காய்த் தோலையும் சேர்த்துக் காய்ச்சி, ஒரு வாரம் வெறும் வயிற்றில் குடித்தார்கள். நாலாம் நாளே நெஞ்செரிச்சல். "அப்புறம் ஏம்மா நிறுத்தல?" என்றால், "கசக்குதேடா, அப்ப மருந்தாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்கள்.

எலுமிச்சைத் தோலில் கொய்னா ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. அந்த மாத்திரை ரசாயனக் கூடத்தில் செய்வது, மரத்திலிருந்து எடுப்பதல்ல. கோவிட் நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் இங்கிலாந்தில் நடந்த 'ரெகவரி' ஆய்வு 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டது. ஒரே செய்திக்குள் மூன்று பொய். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு, இந்தக் கொய்னா கதை எங்கிருந்துதான் கிளம்பியது என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் தென் அமெரிக்கா, வருஷம் 1630.

அந்தக் கதையை நம்மில் பலர் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்போம். பெரு நாட்டை ஸ்பெயின் அரசரின் சார்பில் ஆண்ட வைஸ்ராய், சின்ச்சோன் பிரபு. தலைநகர் லிமாவில் அவர் மனைவிக்கு முறைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர், நடுக்கம், ஜுரம். வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். செய்தி எட்டி, லோஹா என்ற மலைப் பகுதியின் அதிகாரி ஒரு மரப்பட்டையைப் பற்றிப் பிரபுவுக்குக் கடிதம் எழுதுகிறார். (லோஹா இன்று ஈக்வடார் நாட்டில் இருக்கிறது.) அவரை லிமாவுக்கு வரவழைத்து, முதலில் வேறு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு சீமாட்டிக்குக் கொடுக்க, அவர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மனம் நெகிழ்ந்த சீமாட்டி பட்டையை மூட்டை மூட்டையாக வரவழைத்து, ஏழைகளுக்குத் தம் கையாலேயே வழங்குகிறார். "சீமாட்டிப் பொடி" என்று பெயர் வருகிறது.

எவ்வளவு அழகான கதை! ஒரு பிரபு, ஒரு நோயாளிப் பெண், ஒரு அதிசய மருந்து, கடைசியில் தர்மம். சிக்கல் என்னவென்றால், இதற்கு அடிப்படை ஆவணம் என்று ஒன்றுமே இல்லை.

நம் தொழிலில் ஒரு வரைபடம் கைக்கு வந்தால் முதலில் வலது கீழ் மூலையைப் பார்ப்போம். எத்தனையாவது திருத்தம், யார் போட்டது, எந்தத் தேதி. கதைகளுக்கு அந்தக் கட்டம் கிடையாது. ஆகவே நாமே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கதை முதன்முதலில் அச்சில் வந்தது 1663-இல், இத்தாலியின் ஜெனோவா நகரில். எழுதியவர் செபாஸ்தியானோ பாதோ என்ற மருத்துவர். அவர் பெருவுக்குப் போனவரல்ல. அங்கே இருந்துவிட்டு வந்த ஒரு இத்தாலிய வணிகர் எழுதிய கடிதத்தில் பார்த்ததாகச் சொல்கிறார். அதாவது, சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குச் சுமார் 30 வருஷம் கழித்து, இன்னொரு கண்டத்தில், ஒருவர் சொல்லி ஒருவர் எழுதியது. கோர்ட்டில் இந்தச் சாட்சி நிற்குமா?

அதற்கு முன்னால் எழுதப்பட்டது இல்லையா என்றால், இருக்கிறது. பெருவில் வாழ்ந்த ஆகஸ்டின் சபைத் துறவி அந்தோனியோ தெ லா கலாஞ்சா, 1630-களின் இறுதியில் வெளியான தம் சபை வரலாற்றில், லோஹா பகுதியில் வளரும் காய்ச்சல் மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பட்டை இலவங்கப்பட்டை நிறம், பொடியாக்கி இரண்டு சிறு வெள்ளிக்காசு எடைக்குக் கொடுத்தால் முறைக்காய்ச்சல் போகிறது, லிமாவில் அற்புதமான பலன் கண்டிருக்கிறது என்று. அளவு, நிறம், பயன் எல்லாம் உண்டு. சீமாட்டி மட்டும் இல்லை. வைஸ்ராயின் மனைவி பிழைத்த கதை அதே ஊரில், அதே காலத்தில் நடந்திருந்தால், ஒரு வரி எழுதாமல் விட்டிருப்பாரா?

சரி, லோஹாவின் மலை மக்களுக்கு எப்படித் தெரிந்தது? அதற்கும் கதைகள் முளைத்தன. 1737-இல் லோஹாவுக்கு நேரில் போன பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமின் ஒரு பழங்கதையைக் குறித்துவைத்திருக்கிறார், உண்மைக்குத் தாம் உத்தரவாதம் இல்லை என்ற எச்சரிக்கையோடு. அங்குள்ள சிங்கங்களுக்கு (நம் ஊர்ச் சிங்கம் இல்லை, பூமா) ஜுரம் வரும், அவை இந்தப் பட்டையைத் தின்னும், அதைப் பார்த்து மனிதர்கள் கற்றார்கள் என்று. பாம்பைக் கடித்த கீரி எந்தப் பச்சிலையைத் தின்கிறது என்று நம் ஊரில் பார்க்கச் சொல்வார்களே, அதே ஜாடை. இன்னொரு கதையில், மரங்கள் விழுந்து கிடந்த குளத்தின் கசப்புத் தண்ணீரைத் தாகத்தில் குடித்த ஒரு ஜுரக்காரன் பிழைக்கிறான். 1802-இல் லோஹாவுக்குப் போன ஹம்போல்ட் கேட்டது நேர் எதிர். அந்த மக்கள் செத்தாலும் சாவார்களே தவிர இந்தப் பட்டையைத் தொட மாட்டார்களாம். மரம் வெட்டும்போது பட்டையை மென்று பார்க்கும் வழக்கத்தில் இயேசு சபையினர்தாம் இதைக் கண்டுபிடித்தார்களாம்.

இதில் ஒரு நுட்பம் கவனியுங்கள். மலேரியா என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்துப்படி அமெரிக்காவில் இருந்த நோயே அல்ல. அதன் மிகக் கொடிய வகை, ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களோடு போய்ச் சேர்ந்தது. ஆகவே "இன்கா மக்கள் ஆயிரம் வருஷமாக மலேரியாவுக்கு இதைத்தான் குடித்தார்கள்" என்பதும் பின்னால் ஒட்டியதே. மலைக்குளிரில் நடுங்குகிறவர்களுக்குப் பட்டையைக் கொடுக்கும் வழக்கம் இருந்திருக்கலாம், நடுக்கத்தை நிறுத்தும் மருந்து ஜுர நடுக்கத்தையும் நிறுத்துமா என்று யாரோ கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றொரு கருத்து உண்டு. என் மனம் அதைத்தான் ஏற்கிறது. தப்பான காரணத்துக்காகச் சரியான மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். மருந்து செய்வது வேறு வேலை: சிவப்பணுவைத் தின்று வளரும் கிருமி, தின்றதில் மிஞ்சும் நச்சைக் கட்டியாக்கி ஒதுக்கி வைக்கும், கொய்னா அதைத் தடுக்கிறது. தன் கழிவிலேயே கிருமி செத்துப்போகிறது. பிளான்ட்டில் எஃப்ளுவென்ட் லைனை அடைத்தால் என்ன ஆகுமோ, அதுதான்.

ஐரோப்பாவுக்குப் பட்டை போனதும் கதைகள் வேறு திசையில் திரும்பின. கொண்டுபோய்ப் பரப்பியவர்கள் இயேசு சபைப் பாதிரிமார்கள். ரோமில் கார்டினல் தெ லூகோ அதை ஏழைகளுக்கு வழங்கினார். 1649-இல் எந்த அளவில், எதில் கலந்து கொடுப்பது என்று ஒரு குறிப்பும் அங்கே வெளியானது. நல்ல காரியம்தான். ஆனால் "இயேசு சபைப் பொடி" என்று பெயர் வந்துவிட்டதால், இங்கிலாந்தில் கத்தோலிக்கர்களுக்கு எதிரானவர்கள் அதை விஷம் என்றார்கள். மருந்தின் தலையெழுத்தைப் பெயர் தீர்மானித்தது! அந்நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் 1658-இல் முறைக்காய்ச்சலோடு இறந்தார். "பிசாசின் பொடி" என்று மருந்தை மறுத்ததால்தான் செத்தார் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அதற்கும் நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. மறுத்தவன் செத்தான் என்றால்தானே கதைக்கு ஒரு முடிப்பு இருக்கும்!

இந்தப் பயத்தைப் பணமாக்கியவர் ராபர்ட் டால்போர். வைத்தியப் பட்டம் இல்லாதவர். இயேசு சபைப் பொடி ஆபத்தானது, ஜாக்கிரதை என்று 1672-இல் புத்தகமே போட்டார். பிறகு தம்முடைய "ரகசிய மருந்தால்" இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸைக் குணப்படுத்தினார், சர் பட்டம் வாங்கினார், பிரான்ஸுக்குப் போய் இளவரசரையும் குணப்படுத்தினார். பதினான்காம் லூயி அந்த ரகசியத்தை விலைக்கு வாங்கி, டால்போர் உயிரோடு இருக்கும்வரை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். 1681-இல் டால்போர் இறந்தார். மறு வருஷம் ரகசியம் வெளியானது. ஒயினில் ஊறவைத்த அதே பட்டை! எனக்கு இந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. பொய் சொன்னார், ஆனால் அந்தப் பொய்யால் நாலு பேர் மருந்து குடித்தார்கள். நான் அனுப்பிய செய்தியால் என் அம்மாவுக்கு நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

இனி பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 1742-இல் தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸ், சீமாட்டி கதையை அப்படியே நம்பி, இந்த மரத்துக்கு அவர் நினைவாகப் பெயரிட்டார். பெயர் வைக்கும்போது முதல் அசையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். சின்ச்சோன் 'சின்கோனா' ஆனது இப்படித்தான். கதையும் தப்பு, எழுத்தும் தப்பு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சரி, கொய்னா என்ற பெயராவது சுத்தமா என்றால், அதுவும் இல்லை. 'கினா கினா' என்பது முதலில் வேறொரு மரத்தின் பெயர், பெரு பால்சம் என்று சொல்வார்கள். இரண்டு பட்டையும் சந்தையில் கலந்து, பெயரும் இடம் மாறிவிட்டது. 1820-இல் பாரிஸில் பெல்த்தியே, கவாந்து என்ற இரு வேதியியலாளர்கள் பட்டையின் சத்தைத் தனியே பிரித்தெடுத்து அதற்குக் குவினைன் என்று பெயர் வைத்தபோது, அந்த இடமாற்றம் நிரந்தரமாயிற்று. செய்முறையை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் வெளியிட்டார்கள் என்பதற்காக அந்த இருவருக்கும் ஒரு கும்பிடு.

கதைக்குத் தீனி போட எழுத்தாளர்களும் வந்தார்கள். 1817-இல் மதாம் த ஜான்லி என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 'சூமா' என்றொரு கதை எழுதினார். அதில், பட்டையின் ரகசியத்தை வெள்ளையருக்குச் சொல்வதில்லை என்று பூர்வகுடி மக்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள். சீமாட்டியின் பணிப்பெண் இரக்கப்பட்டுப் பொடியைக் கலந்து கொடுக்கப் போய், விஷம் வைத்தாள் என்று மாட்டிக்கொள்கிறாள். மருந்தைத் தந்த மக்களைச் சதிகாரர்களாக்கிய திருத்தம் இது.

அடுத்த திருத்தம் நம் ஊருக்குப் பக்கத்தில் வருகிறது. 1860-இல் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனாக் கன்றுகளோடு நீலகிரிக்கு வந்தவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். கன்றுகள் பிழைக்கவில்லை. பிறகு வந்த விதைகளை வைத்து உதகை அரசுத் தோட்டத்தின் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் காடே வளர்த்தார். மெக்ஐவரின் ஒரு வேலையை என்ஜினியர் என்ற முறையில் நான் ரசித்தேன். மரத்தை வெட்டிச் சாய்க்காமல், பட்டையை நீளவாக்கில் பட்டை பட்டையாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். புதுப் பட்டை வளர்ந்தது. அதில் மருந்துச் சத்தும் கூடியிருந்தது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் நடுவட்டத்தில் ஒரு பழைய சிறைக் கட்டடம் இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் அங்கே இருந்தார்கள். பட்டையிலிருந்து மருந்து எடுக்கும் அரசுத் தொழிற்சாலையும் நடுவட்டத்தில் நடந்தது. 1890-களில் தொடங்கி நம் நாட்டில் தபால் ஆபீஸிலேயே காலணாப் பொட்டலமாகக் கொய்னா விற்றார்கள்.

இந்த மார்க்கம் சீமாட்டி கதையின் பரம பக்தர். விட்டுப்போன எழுத்தைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று கடைசிவரை சண்டை போட்டார், யாரும் கேட்கவில்லை. 1874-இல் சீமாட்டியின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். அதில், அவர் ஸ்பெயினுக்குத் திரும்பும்போது பட்டையைக் கொண்டுவந்து, சின்ச்சோனில் தம் குடியானவர்களுக்குக் கொடுத்து ஜுரத்தைத் தீர்த்தார் என்கிறார். நூலின் தலைப்பில் இருக்கும் பெயர் அனா தெ ஒசோரியோ.

இங்கேதான் அண்ணன்மார்களே, அடித்தளமே ஆட்டம் காண்கிறது. 1941-இல் ஏ. டபிள்யூ. ஹாகிஸ் என்ற ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் தோண்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். அனா தெ ஒசோரியோ பிரபுவின் முதல் மனைவி. பிரபு வைஸ்ராய் ஆவதற்கு முன்பே, 1625-இல், ஸ்பெயினில் இறந்துவிட்டார். பெருவை அவர் கண்ணாலும் பார்க்கவில்லை! லிமாவுக்குப் போனவர் இரண்டாம் மனைவி பிரான்சிஸ்கா. அரண்மனை நடப்புகளை அன்றாடம் குறித்த அக்காலத்து நாட்குறிப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. பிரபுவுக்கு ஜுரம் வந்ததும், வைத்தியர்கள் ரத்தம் இறக்கியதும் அதில் உண்டு. அந்த அம்மாளுக்குச் சில்லறை உபாதைகளைத் தவிர ஒன்றும் இல்லை. பட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஸ்பெயினுக்குத் திரும்பிப்போய் மருந்து கொடுத்தாரா என்றால், அவர் திரும்பவே இல்லை. போகும் வழியில், 1641 ஜனவரியில், இன்றைய கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்தில் இறந்துபோனார்.

ஏறத்தாழ 280 வருஷம் ஒருவர்கூட அந்த நாட்குறிப்பைத் தேடவில்லை. லின்னேயஸ் தேடவில்லை, மார்க்கம் தேடவில்லை. இவர்களெல்லாம் சாமானியர்கள் இல்லை. நான் வாட்ஸ்அப்பில் பட்ட வெட்கம் கொஞ்சம் குறைந்தது இங்கேதான். குறைந்திருக்கக் கூடாதோ என்னவோ.

எனக்கு உறுத்துவது வேறு. சீமாட்டி என்ற இடத்தில் யாராவது இருந்திருக்க வேண்டுமே, அது யார்? லோஹா மலையில் முதலில் பட்டையை உரித்துக் கொடுத்த கையின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பின்னால் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. மானுவல் இன்க்ரா மமானி, பொலிவியாவைச் சேர்ந்த ஐமாரா பூர்வகுடி. எந்த மரத்தில் சத்து அதிகம் என்று பார்த்தே சொல்லக்கூடியவர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வியாபாரிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்து, பனியில் கருகாமல் பூத்துக் காய்த்த மரங்களின் விதையைச் சேகரித்து, 1865-இல் கொண்டுவந்து கொடுத்தார். ஆங்கிலேய அரசு வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு எடை வாங்கினார்கள். ஜாவாவில் அந்த ஒரு பவுண்டு விதை காடாகி, 1930-களில் உலகத்தின் பட்டையில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது நேச நாட்டுப் படைகளே மருந்துக்குத் தவித்தன. விதையை வெளிநாட்டானுக்குக் கொடுத்த குற்றத்துக்காக மமானியைப் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள், வெளியே வந்த சில நாளில் செத்துப்போனார் என்று லெட்ஜரின் கடிதம் சொல்கிறது. அந்த வகை மரத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? லெட்ஜெரியானா!

ஹாகிஸ் கட்டுரைக்குப் பிறகும் பாடப் புத்தகங்களிலிருந்து சீமாட்டி போகவில்லை. மரத்தின் பெயரை மாற்ற முடியாது, தாவரவியல் விதி அப்படி. பெரு நாட்டுச் சின்னத்தில் அந்த மரம் 1825 முதல் இருக்கிறது. அங்கே மரம்தான், சீமாட்டி இல்லை.

போன வருஷம் வேலை விஷயமாக வால்பாறை போயிருந்தேன். அரசுச் சின்கோனாத் தோட்டம் இருந்த இடத்தில் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது, இப்போது தேயிலை. பஸ் ஸ்டாண்டில் 'சின்கோனா' என்று போர்டு போட்ட பஸ் நின்றது. சும்மா இருக்காமல் கண்டக்டரிடம், "ஏண்ணே இந்த ஊருக்கு இந்தப் பேரு?" என்று கேட்டேன். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "அது ஒரு வெள்ளைக்காரத் துரையோட சம்சாரம் பேரு சார். மலைக்காய்ச்சல் வந்து இங்கதான் செத்துது, அந்தம்மா சமாதிகூட மேல எஸ்டேட்ல எங்கியோ இருக்குதுன்னு சொல்லுவாங்க" என்றார்.

இல்லைண்ணே, அது வந்து 1625-லேயே, என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் விசில் கொடுத்துவிட்டார்.